எண்ணெய் டப்பாவைக் கொஞ்சம் கீழே வையுங்கள்

குடியாத்தத்திலிருந்து ஒரு அகாய் ஸ்பூல் டேப் ரெக்கார்டர் என்னிடம் ரிப்பேருக்கு வந்தது. முன்மூடியைக் கழற்றியதும் தேங்காய் எண்ணெய் வாசம். நான் வாயைத் திறப்பதற்குள் கொண்டுவந்த தம்பியே சொல்லிவிட்டார்: “கீச் கீச்னு கத்துச்சுண்ணா. கொஞ்சூண்டு எண்ணெய் விட்டோம். கத்தல் நின்னுடுச்சு. அப்புறம் டேப்பும் நகரல.”

கூடவே ஒரு ஸ்பூல். அட்டைப்பெட்டி மேல் நீல மசியில் ‘படுகளம் 2’ என்று எழுதி, வடஆற்காடு ஜில்லா விலாசமும் போட்டிருந்தது. (இந்த ஜில்லா பெயரைப் பார்த்தாலே 1989-இல் மாவட்டத்தைப் பிரிப்பதற்கு முந்திய டேப் என்று எடுத்துக்கொள்வேன், அநேகமாகச் சரியாக இருக்கும்.) இவர் தாத்தா திரௌபதி அம்மன் திருவிழாக்களில் பாரதம் படித்தவர்; படுகளம் அதில் துரியோதனன் வீழ்கிற கட்டம். வீட்டில் மிச்சமிருப்பது இந்த ஒரு ஸ்பூல்தான். மெஷின் ஓடுகிறதா என்று பார்ப்பதற்கு அவர்கள் போட்டதும் இதைத்தான்.

இந்த வருஷம் இதே கதையோடு வேலூர், ஆம்பூர், ஆற்காடு என்று எல்லாப் பக்கமிருந்தும் வந்துவிட்டார்கள். சிலர் தேங்காய் எண்ணெய், சிலர் தையல் மெஷின் எண்ணெய், வசதியானவர்கள் கதவுக் கீலுக்கு அடிக்கிற ஸ்ப்ரே. எண்ணெய்தான் மாறுகிறது, எண்ணம் ஒன்றுதான்: கத்தினால் எண்ணெய் விட வேண்டும்.

விடக்கூடாது. ஏன் என்று கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தையல் மெஷினில் இரும்பும் இரும்பும் உரசுவதால் சத்தம் வருகிறது. அங்கே எண்ணெய் சரி. ஸ்பூல் மெஷினில் டேப்பை இழுப்பது வலது பக்க ஸ்பூல் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அது சுற்றிக்கொள்ள மட்டும்தான். இழுப்பது கேப்ஸ்டன் என்கிற பளபளப்பான சின்னத் தண்டும், அதன்மேல் வந்து அழுத்துகிற பிஞ்ச் ரோலர் ரப்பரும். இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டுதான் கால் அங்குல டேப் விநாடிக்கு 19 சென்டிமீட்டரோ ஒன்பதரையோ பிசகாமல் நகர்கிறது. அந்தப் பிடிப்பு முழுக்க உராய்வில் நிற்கிறது. அங்கே ஒரு சொட்டு எண்ணெய் பட்டால் தண்டு சுற்றும், டேப் நிற்கும். பிரேக்கில் இருக்கிற ஃபெல்ட் துணி எண்ணெய் குடித்தால் ஸ்பூல் நிற்காமல் ஓடி, டேப் கீழே கொட்டும். பெல்ட்டில் பட்டால் வழுக்கும். தேங்காய் எண்ணெய் என்றால் மார்கழிக் காலையில் உறைந்து வேறு போகும்.

சரி, கீச்சென்று கத்துவது எது? பெரும்பாலும் மெஷின் இல்லை, டேப். டேப்பின் மேல் பழுப்பாகத் தெரிகிற காந்தத் தூளை பிளாஸ்டிக் நாடாவோடு ஒட்டிவைக்க ஒரு பசை உண்டு. வருஷக்கணக்கில் காற்றின் ஈரத்தை வாங்கிப் பசை சிதைந்தால் டேப் பிசுபிசுக்கும். டேப்பிலிருந்து ஒலியை எடுக்கிற ஹெட்டில் ஒட்டி ஒட்டி விடுபடும்போது நாடா அதிர்கிறது, அந்த அதிர்வுதான் கீச். 1970, 80-களில் வந்த, முதுகுப்புறம் கறுப்புப் பூச்சுள்ள டேப்புகளில் இது அதிகம். ஆம்பெக்ஸ் 406, 456 இரண்டும் இதற்குப் பேர் போனவை. வேறு சில டேப்பில் வழவழப்புக்காகச் சேர்த்த பொருள் வற்றிப்போனாலும் கத்தும். இரண்டுக்கும் எண்ணெய் மருந்தில்லை.

சந்தேகமாக இருந்தால் டேப் இல்லாமல் மெஷினை ஓட்டிப் பாருங்கள். டேப் அறுந்தால் மோட்டாரை நிறுத்துவதற்கென்று வலது பக்கம் ஒரு சின்னக் கை இருக்கும். அதை ரப்பர் பேண்டால் தூக்கிக் கட்டிவிட்டு பிளே போடுங்கள். கத்தல் இல்லையென்றால் குற்றம் டேப்பில். அப்போதும் கத்தினால் பேரிங். பேரிங்குக்கு மெல்லிய மெஷின் ஆயில் ஓரிரு சொட்டு, அதுவும் கேப்ஸ்டன் தண்டின் அடியிலும் மோட்டாரிலும் சர்வீஸ் மேனுவல் சொல்கிற இடத்தில் மட்டும். அந்த இடத்தை அடையாளம் தெரியாதவர்கள் தொடவே வேண்டாம்.

குடியாத்தத்து மெஷினில் ஹெட்டின் முகத்தில் பழுப்பு நிறக் களிம்பு அப்பியிருந்தது, சுரண்டினால் வருகிற அளவுக்கு. வீட்டில் அதை அழுக்கு என்று துடைத்துத் துடைத்துப் போட்டிருக்கிறார்கள். எண்ணெயில் ஊறிக் கரைந்து வந்த காந்தத் தூள் அது. தாத்தாவின் குரல் பதிந்திருந்ததே அதில்தான். ஸ்பூலைக் கையால் மெதுவாகச் சுற்றி, நூல் விடாத துணியில் எண்ணெயை ஒற்றி எடுத்தேன். டேப்பின் முன்பகுதி போனது போனதுதான். மிச்சம் கேட்கிறது.

துடைப்பது பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஹெட், டேப் உரசிப் போகிற வழிகாட்டிகள், கேப்ஸ்டன் மூன்றையும் 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சுக்குச்சியால் துடைக்கலாம். மருந்துக்கடை சர்ஜிக்கல் ஸ்பிரிட் வேண்டாம், காய்ந்ததும் படலம் விடலாம். பிஞ்ச் ரோலருக்குச் சோப்புத் தண்ணீர் தொட்ட துணி போதும். ரப்பர் கண்ணாடி போலப் பளபளத்து இறுகியிருந்தால் மாற்றத்தான் வேண்டும், உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள். டேப்பின் மேல் எந்தத் திரவமும் படக்கூடாது.

இணையத்தில் ‘டேப்பைச் சூடுபடுத்தினால் சரியாகும்’ என்று படித்துவிட்டு வருகிறவர்கள் இன்னொரு ரகம். உண்மைதான், சிதைந்த பசைக்கு 54 டிகிரி செல்சியஸ் அளவில் பல மணி நேரம் சீராகச் சூடு கொடுத்தால் சில வாரங்களுக்குத் தேறும். அதற்குள் டேப்பை ஓட்டிக் கம்ப்யூட்டரில் பதிவிறக்கிக்கொள்ள வேண்டும். ஆனால் வேலூர் வெயில் இருக்கிறதே என்று மொட்டை மாடியில் வடகம் மாதிரிக் காயவைத்து எடுத்து வந்தால் நான் என்ன செய்ய? வெயிலில் ஒரு பக்கம் சூடு, ஒரு பக்கம் நிழல், ஸ்பூல் கோணிக்கொள்ளும். 1960-களின் அசிடேட் டேப்பை எந்தச் சூட்டிலும் வைக்கவே கூடாது, முறுகிப் போகும். ஸ்பூலைப் பக்கவாட்டில் விளக்குக்கு நேரே பிடியுங்கள்: வெளிச்சம் ஊடுருவினால் அசிடேட், இருட்டாக இருந்தால் பாலியெஸ்டர். புளிக்காடி வாடை வந்தாலும் அசிடேட்தான். அதைத் தனிப் பெட்டியில் வையுங்கள், சீக்கிரம் பதிவிறக்குங்கள்.

பரணிலிருந்து இறக்கிய மெஷினை நேராகக் கரண்டில் சொருகாதீர்கள். உள்ளே எலி கூடு கட்டியிருக்கலாம். கண்டென்சர்கள் காய்ந்திருக்கும்; ஐரோப்பிய மெஷின்களில் மெயின்ஸ் பக்கத்துக் காகிதக் கண்டென்சர் விரிசல் விட்டுப் புகையோடு வெடிக்கும். எந்தப் பழைய ரேடியோ மெக்கானிக்கைக் கேட்டாலும் சீரிஸ் பல்ப் போட்டுத் தருவார், அதாவது கரண்ட் மெஷினுக்குப் போகிற வழியில் அதை மட்டுப்படுத்த ஒரு பல்பு. அதன் வழியாகத்தான் முதல் கரண்ட். டிரான்சிஸ்டருக்கு முந்திய, கண்ணாடிக் குழாய் வைத்த வால்வு மெஷின் என்றால் பிளக்கைப் பிடுங்கிய பின்னும் உள்ளே உயிரை வாங்குகிற வோல்ட் தங்கும். உள்ளே கையை விடாதீர்கள்.

சவுதியிலிருந்து வந்த மெஷின்களுக்கு ஒரு தனிக் குறிப்பு. மேல்விஷாரம் பாய் ஒருவர், ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வாங்கிப் போட்டும் பாட்டு இழுக்கிறது, மோட்டார் போய்விட்டது என்றார். மோட்டாருக்கு ஒன்றுமில்லை. அங்கே கரண்ட் 60 ஹெர்ட்ஸ், இங்கே 50. மெயின்ஸைப் பின்பற்றி ஓடுகிற மோட்டார் ஆறில் ஐந்து பங்கு வேகத்தில்தான் ஓடும். ஐந்து கட்டையில் பாடியவர் மூன்று கட்டையில் பாடுவார். டிரான்ஸ்ஃபார்மர் வோல்ட்டைத்தான் மாற்றும், ஹெர்ட்ஸை மாற்றாது. கேப்ஸ்டன் உறையோ புல்லியோ மாற்ற வேண்டும். பல மெஷின்களில் அதற்கு வழி வைத்தே இருக்கிறார்கள். இதற்கும் சிலர் எண்ணெய் விட்டிருக்கிறார்கள் என்பதை வருத்தத்தோடு சொல்லிக்கொள்கிறேன்.

மெஷின் கெட்டால் இன்னொன்று தேடலாம், பாகம் கடைந்து போடலாம். டேப் போனால் போனதுதான். ஆகவே ஓட்டிப் பார்க்க எப்போதும் வேண்டாத டேப் ஒன்றைப் போடுங்கள், வீட்டின் ஒரே டேப்பைப் போடாதீர்கள். பழைய டேப்பை வேகமாக ரீவைண்ட் செய்யவும் வேண்டாம். பதிவிறக்கும்போது எம்பி3 போதும் என்று சொல்லாதீர்கள், ஒலியைச் சுருக்காத வேவ் ஃபைலாக எடுத்து இரண்டு இடத்தில் வையுங்கள். எடுத்து முடித்தாலும் ஸ்பூலைக் குப்பையில் போடாதீர்கள்.

ஏற்கெனவே எண்ணெய் விட்டாகிவிட்டதா? அதற்கு மேல் ஓட்டாமல் அப்படியே எடுத்து வாருங்கள். எந்த எண்ணெய், எங்கே விட்டீர்கள் என்று மறைக்காமல் சொல்லுங்கள். திட்டுவேன்தான். ஆனாலும் சொன்னால் எனக்கு வேலை பாதி குறையும்.