கொரியப் பேய் ஏன் தாவித் தாவி வருகிறது?

நீளமான பள்ளி நடைக்கூடம். அதன் கோடியில் சீருடையில் ஒரு மாணவி அசையாமல் நிற்கிறாள். கண் மூடித் திறப்பதற்குள் பாதி தூரம் வந்துவிட்டாள். அடுத்த கணம் முகத்துக்கு நேரே நிற்கிறாள். நடக்கவுமில்லை, ஓடவுமில்லை, இடையில் இருந்த தூரம்தான் காணாமல் போயிருக்கிறது. 1998இல் பார்க் கி-ஹ்யோங் இயக்கிய ‘யோகோ க்வேதாம்’ படத்தில் வரும் காட்சி இது. பெண்கள் பள்ளிப் பேய்க்கதை என்று பொருள்; வெளிநாடுகளில் ‘விஸ்பரிங் காரிடார்ஸ்’ என்றால் தெரியும்.

இது ஜம்ப் கட். கிராஃபிக்ஸ் எதுவும் வேண்டாம். கேமராவை ஸ்டாண்டில் இறுக்கிப் பூட்டி, நடிகையைக் குறித்த இடங்களில் நிறுத்தி எடுத்து, நடுவில் உள்ள நடையை எடிட்டிங்கில் வெட்டிவிட்டால் போதும். ஆனால் எங்கே நிறுத்துவது என்பதில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். திரையில் உருவத்தின் உயரம் தூரத்துக்கு எதிர்விகிதத்தில் மாறும். 20 மீட்டரிலிருந்து 15க்கு வந்தால் உருவம் மூன்றில் ஒரு பங்குதான் பெரிதாகும். அதே 5 மீட்டரை 10லிருந்து 5க்குத் தாண்டினால் இரு மடங்காகும். சம இடைவெளியில் நிறுத்தினால் முதல் தாவல் சப்பென்று போய்விடும். 20, 10, 5, 2.5 என்று பாதி பாதியாகக் குறைத்தால் ஒவ்வொரு வெட்டிலும் பேய் இரு மடங்காகும். நொடிக்கு 24 பிரேம் என்ற கணக்கில் முதல் நிலைக்கு 12, அடுத்ததற்கு 8, பிறகு 6 என்று நேரத்தையும் சுருக்கலாம். கேமரா மயிரிழை நகர்ந்தாலும் சுவரும் சேர்ந்து துள்ளும்; கண் பேயை விட்டுவிட்டுச் சுவரைப் பார்க்கும். ஜன்னல் வெயில் மாறினாலும் அதே கதிதான்.

வேகமாகப் பெரிதாகும் உருவம் என்றால் நம்மை மோத வருகிறது என்றே மூளை எடுத்துக்கொள்கிறது. ஒன்றிரண்டு மாதக் குழந்தைகூட அதற்குக் கண் சிமிட்டும். நடுமூளையின் கூரைப் பகுதியில் இதற்கென்றே துடிக்கும் நரம்பணுக்கள் உண்டு.

இனி சத்தம். திடீர்ச் சத்தத்துக்குத் தூக்கிவாரிப் போடுவது ஓர் அனிச்சைச் செயல். செவி நரம்பிலிருந்து மூளைத்தண்டின் பான்ஸ் பகுதி வழியாக நேரே தசைக்குப் போகும் குறுக்கு வழி அது. 30 முதல் 50 மில்லி நொடிக்குள் இமை மூடத் தொடங்கிவிடும். “சினிமாதானே” என்று யோசித்து முடிப்பதற்குள் பாப்கார்ன் கொட்டியிருக்கும். இங்கே ஒரு நுணுக்கம் உண்டு: பெரிய சத்தத்துக்குச் சுமார் 100 மில்லி நொடி முன்பு சின்னச் சத்தம் ஒன்று கேட்டால் அனிச்சை பலவீனமாகிவிடும். கதவு ‘க்ரீச்’சென்றதும் ஒட்டிக்கொண்டாற்போல் ‘டமார்’ வைக்கும் எடிட்டர் தன் வெடிக்குத் தானே தண்ணீர் ஊற்றுகிறார். நடுவில் ஒரு முழு நொடியாவது மௌனம் வேண்டும். அடிக்கடி வெடித்தாலும் பயனில்லை, உடம்பு பழகிவிடும்.

இவ்வளவும் எந்தப் பேய்ப் படத்துக்கும் பொருந்தும். கொரியப் பள்ளிப் படங்களின் கெட்டிக்காரத்தனம் வேறிடத்தில் இருக்கிறது. ஏற்கெனவே கலங்கிப்போயிருப்பவரை அதே சத்தம் இன்னும் பலமாகத் தூக்கிப் போடும், ஏனென்றால் அச்சத்தைக் கையாளும் அமிக்டலாவிலிருந்து பான்ஸுக்கு இணைப்பு உண்டு. அந்தக் கலக்கத்தை இவர்கள் உறைந்த இரத்தத்தைக் காட்டி உண்டாக்குவதில்லை, முறிந்த நட்பைக் காட்டி உண்டாக்குகிறார்கள்.

ஒருவரை எல்லோரும் சேர்ந்து ஒதுக்குவதற்குக் கொரிய மொழியில் ‘வாங்தா’ என்று தனிச் சொல்லே உண்டு. 2003இல் வெளியான ஓர் ஆய்வில், மூளை ஸ்கேனருக்குள் படுத்திருந்தவர்களை, கணினித் திரையில் இன்னும் இருவரோடு பந்து வீசி விளையாட வைத்தார்கள். கொஞ்ச நேரத்தில் மற்ற இருவரும் தங்களுக்குள்ளேயே பந்தை வீசிக்கொண்டார்கள். ஒதுக்கப்பட்டவரின் மூளையில் முன் சிங்குலேட் பகுதி சுறுசுறுப்பானது. உடல் வலியின் வேதனையிலும் பங்கு வகிக்கும் பகுதி அது. இரண்டு வலியும் ஒன்றே என்று இதை வைத்து முடிவு கட்டுவது மிகை, அந்தப் பகுதிக்கு வேறு வேலைகளும் உண்டு. ஆனால் வெறும் பந்து வராததே இத்தனை சுடுகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். 1998 படத்தில், ஆசிரியர்கள் பேச்சைக் கேட்டு ஒரே தோழியும் விலகிப்போன மாணவிதான் பேய். (கதையை உடைத்ததற்கு மன்னிக்கவும், கால் நூற்றாண்டு ஆகிவிட்டது.) அந்தத் தோழி ஆசிரியையாகத் திரும்பி வரும்போது இவள் இன்னும் வகுப்பில் உட்கார்ந்திருக்கிறாள்.

இதே வரிசையில் 2003இல் வந்த படத்தில் விடுதிக்கு ஏறும் 28 படிகள். வேண்டிக்கொண்டே எண்ணி ஏறினால் 29ஆவது படி தோன்றும். பாலே நடனப் பள்ளி ஒன்றில் கிடைக்கும் ஒரே இடத்துக்குப் போட்டி போடும் இரு தோழிகளின் கதை. இருட்டில் படி முடிந்ததென்று தெரியாமல் காலைத் தூக்கி வைத்துத் தடுமாறியிருப்பீர்கள். பாதம் எங்கே, எப்போது தரையைத் தொடும் என்று சிறுமூளை முன்கூட்டியே கணக்குப் போட்டுவிடுகிறது. கணக்குத் தப்பினால் வயிறு ‘திக்’கென்கிறது. அந்தக் காட்சிக்கு டமார் தேவையே இல்லை. படியேறுகிறவள் 27, 28 என்று எண்ணும்போது நாமும் கூடவே எண்ணிக்கொண்டிருக்கிறோம், காலும் தூக்கியாயிற்று.