மரவெட்டா, மரப்பொறிப்பா?

1873 அக்டோபரில் ‘ஹார்ப்பர்ஸ் வீக்லி’ இதழில் வந்த ஓவியர் வின்ஸ்லோ ஹோமரின் படமொன்றில், அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகத்தில் தச்சர்கள் பெரிய மரக்கப்பலைக் கட்டிக்கொண்டிருக்க, முன்புறத்தில் சிறுவர்கள் பொம்மைப் படகுகளோடு இருக்கிறார்கள். ‘கப்பல் கட்டுதல், மரவெட்டு’ என்ற தமிழ்க் குறிப்போடு அதைப் பார்த்த நண்பர், கப்பலுக்கு மரம் வெட்டும் காட்சி என்றே எண்ணிக்கொண்டார். குற்றம் அவருடையதன்று. மரக்கட்டையில் படத்தைத் தோண்டி, அதைக் கொண்டு அச்சிடும் ‘வுட் என்கிரேவிங்’ முறையைத்தான் அக்குறிப்பு ‘மரவெட்டு’ என்கிறது.

‘என்கிரேவிங்’ என்பதன் வேர்ப்பொருள் தோண்டுதல். தமிழில் அதற்கு ஈடு ‘பொறித்தல்’. இமயத்தில் வில் பொறித்த சேரன் கதையிலேயே இருக்கும் சொல்.

மரவெட்டை ஆதரிப்போர் உடனே கல்வெட்டைக் காட்டுவார்கள்; பாத்திரக் கடையில் ‘பெயர் வெட்டித் தரப்படும்’ என்று எழுதியிருப்பதையும் சுட்டுவார்கள். வலுவான சான்றுகள்தாம். ஆனால் கடையில் வெட்டப்படுவது பெயர். குடத்தில் பெயர் வெட்டியதைக் குடவெட்டு என்று எவரும் சொல்வதில்லை. கல்வெட்டு நெடுங்கால வழக்கால் நிலைத்துவிட்டது. மரவெட்டுக்கு அந்த வழக்கு இல்லை, பக்கத்திலேயே கோடரியோடு மரம்வெட்டி நிற்கிறான். ஓசை பொருந்தினால் போதும், பொருள் எப்படியோ போகட்டும் என்று சொல்லாக்கும் மொழிபெயர்ப்பாளர்கள் இதை ஏனோ எண்ணிப்பார்ப்பதில்லை.

இதைவிடப் பெரிய குழப்பம், ஒரே சொல்லில் இரண்டு தொழில்களை அடைப்பது. பலகையின் நீளவாட்டில் கத்தியால் செதுக்குவது பழைய முறை. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்தின் தாமஸ் பீவிக் வளர்த்தெடுத்த முறையிலோ, கடினமான பாக்ஸ் மரத்தின் குறுக்குவெட்டு முகத்தில் கூரிய சிற்றுளியால் மயிரிழைக் கோடுகள் இழுக்கப்பட்டன. தோண்டிய இடம் வெள்ளையாகும். மேடாக நின்ற இடமே மை ஏற்கும். அதனால் அச்செழுத்தோடு சேர்த்தே அச்சிட முடிந்தது. வார இதழ்கள் இம்முறையை விரும்பியதும் அதனால்தான். முன்னதை மரச்செதுக்கு என்றும் பின்னதை மரப்பொறிப்பு என்றும் சொன்னால் குழப்பம் தீரும்.

இன்னொன்று: ‘ஹோமர் செதுக்கியது’ என்று எழுதுவதும் பிழை. அதே ஆண்டு வெளிவந்த, தந்தையின் படகுக்காகக் கரையில் காத்திருக்கும் குடும்பத்தின் படத்துக்கும் வரைவு மட்டுமே அவருடையது. உளி பிடித்தவர்கள் இதழின் பொறிப்பாளர்கள். பெரிய படங்களுக்குப் பல கட்டைகளை இணைப்பார்கள். சில அச்சுகளில் அந்த இணைப்பு மெல்லிய வெண்கோடாக வானத்தின் குறுக்கே தெரியும். ‘ஹோமரின் வரைவைக் கொண்டு செய்த மரப்பொறிப்பு’ என்று எழுதினால் இரு தரப்பாருக்கும் இடம் கிடைக்கும்.