டோல் கட்டணத்தை ஏற்றும் டபிள்யூபிஐ: அடிப்படை ஆண்டு மாறினால் கணக்கு எப்படி மாறும்?

எண்ணூர், மணலி பக்கம் கன்டெய்னர் லாரி ஓட்டுகிறவர்களுக்கு ஏப்ரல் 1 என்றாலே டோல் ஏறும் நாள். எவ்வளவு ஏறும் என்பதற்கு ஒரு சூத்திரம் உண்டு. 2008-ஆம் ஆண்டின் தேசிய நெடுஞ்சாலைக் கட்டண விதிகளின்படி, அடிப்படைக் கட்டணத்தை வருடத்துக்கு 3 சதவீதம், கூட்டு வட்டி போல் இல்லாமல் நேராக ஏற்றி, அதற்கு மேல் மொத்த விலைக் குறியீட்டு எண், அதாவது மொத்த வியாபாரத்தில் பொருட்களின் விலை எவ்வளவு மாறியது என்று காட்டும் டபிள்யூபிஐ, எவ்வளவு ஏறியதோ அதில் 40 சதவீதத்தைச் சேர்ப்பார்கள். பழைய ஒப்பந்தப்படி ஓடும் சில சாலைகளுக்குக் கணக்கு வேறு.

ஆக, லாரிக்காரர் பாக்கெட்டில் கை வைக்கும் எண் இது. ஆனால் அதை எப்படிப் போடுகிறார்கள், எப்போது மாற்றுகிறார்கள் என்று கேட்டால் பலருக்கும் தெரியாது.

மத்திய வர்த்தக, தொழில் அமைச்சகத்தின் கீழ் இருக்கும் பொருளாதார ஆலோசகர் அலுவலகம் இதை மாதாமாதம் வெளியிடுகிறது. 2011-12-ஐ அடிப்படை ஆண்டாகக் கொண்ட, அதாவது அந்த வருட விலையை 100 என்று வைத்த, வரிசையில் 697 பொருட்கள்: விளைபொருள், மீன், கனிமம் போன்ற முதல்நிலைப் பொருட்களுக்கு 22.62 சதவீத எடை (கணக்கில் அவற்றின் பங்கு), எரிபொருள், மின்சாரத்துக்கு 13.15, தொழிற்சாலையில் செய்பவைக்கு 64.23. காசிமேட்டு மீனும் மணலியில் சுத்திகரிக்கும் டீசலும் ஒரே கணக்கில்தான் வருகின்றன, எடைதான் வேறு வேறு.

இந்த எடை, அடிப்படை ஆண்டில் எந்தப் பொருள் எவ்வளவு மதிப்புக்கு வியாபாரம் ஆனதோ அதை வைத்து ஒரு தடவை போட்டதுதான். அடுத்த திருத்தம் வரும்வரை அது அப்படியே நிற்கும். நாடு எங்கேயோ போய்விட்டிருக்கும், எண் மட்டும் பழைய பொருட்கள் அடங்கிய கூடையைத் தூக்கிக்கொண்டு திரியும். அதனால்தான் 2017 மே மாதத்தில் 2004-05 வரிசையை மூடிவிட்டு 2011-12-க்கு வந்தார்கள். அப்போது 199 பொருட்கள் புதிதாக உள்ளே வந்தன, 146 வெளியே போயின. பர்மா பஜாரில் ஒரு காலத்தில் கடைக்குக் கடை அடுக்கி வைத்திருந்த விசிடி பிளேயர் போனது, சரி, நியாயம். அப்பளமும் போய்விட்டது! கன்வேயர் பெல்ட், டிஷ்யூ பேப்பர் எல்லாம் வந்து உட்கார்ந்தன. அதே திருத்தத்தில் மறைமுக வரிகளையும் விலையிலிருந்து கழற்றிவிட்டார்கள். இரண்டு மாதத்தில் ஜிஎஸ்டி வந்தபோது வரி மாற்றத்தால் மட்டும் இந்த எண் குதிக்காமல் இருந்ததற்கு அதுதான் காரணம்.

ஒரு திருத்தத்துக்கும் அடுத்ததற்கும் நடுவிலும் வேலை இருக்கிறது. திருவொற்றியூரில் ஒரு பட்டறை வால்வு செய்கிறது என்று வையுங்கள். மாதாமாதம் கேட்க வேண்டியது அதே அளவு, அதே உலோகம், அதே மாதிரி வாடிக்கையாளருக்கு, அதே கடன் தவணையில் விற்ற விலை. ஒரு நாள் அந்த மாடலை நிறுத்திவிட்டு 1,000 ரூபாய் வால்வுக்குப் பதில் 1,150 ரூபாய்க்குப் புதியது போடுகிறார்கள். அதில் 100 ரூபாய் நல்ல சீல் போட்டதற்கான செலவு என்றால், விலை உயர்வாக எடுத்துக்கொள்ள வேண்டியது 50 ரூபாய்தான். இதைப் பிரிக்காமல் விட்டால் தரம் கூடியதெல்லாம் பணவீக்கமாகப் பதிவாகிவிடும். பட்டறையையே மூடிவிட்டால் அதே மாதிரிப் பொருள் செய்யும் இன்னொருவரைத் தேடிப் பிடித்து, பழைய விலையோடு பொருத்த வேண்டும். சலிப்பான வேலை, ஆனால் எண்ணின் நாணயமே இதில்தான் இருக்கிறது.

அப்புறம், எல்லோரும் தடுமாறும் இடத்துக்கு வருவோம். அடிப்படை ஆண்டை மாற்றினால் எண் தடாலென்று விழும். 2017-ல் பழைய வரிசையில் 180-ஐத் தாண்டியிருந்தது, புதியதில் 115-க்குக் கீழே நின்றது. விலை குறைந்துவிட்டது என்று அர்த்தமில்லை, 100 என்று எழுதும் வருடம்தான் தள்ளிப் போயிருக்கிறது. பழையதையும் புதியதையும் ஒட்டவைக்க ஒரு இணைப்புக் காரணி கொடுப்பார்கள்: 2011-12 வரிசையிலிருந்து 2004-05-க்குப் போக 1.561, அங்கிருந்து 1993-94-க்குப் போக 1.873.

டோல் சூத்திரத்தில் ஒப்பிடும் எண் 2007 ஜனவரி 6 வாரத்தின் 208.7, அது 1993-94 வரிசை. இன்றைய எண் 150 என்று பேச்சுக்கு வைத்துக்கொண்டால், 150-ஐ 1.561-ஆல் பெருக்கி, திரும்ப 1.873-ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 438.6. 208.7-லிருந்து இது 110 சதவீத ஏற்றம், அதில் 40 சதவீதம் என்றால் 44. பெருக்காமல் 150-ஐயும் 208.7-ஐயும் நேராகப் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு "குறைந்திருக்கிறதே, டோலை ஏன் ஏற்றுகிறார்கள்" என்று சண்டைக்குப் போனால் நிற்காது.

எனக்கு இதில் ஒரு குறை உண்டு. காமராஜர் துறைமுகத்தில் பெட்டி ஏற்றி இறக்கும் கட்டணம், லாரி வாடகை, வங்கிக் கட்டணம் எதுவும் டபிள்யூபிஐயில் கிடையாது, சேவைகளே அதில் இல்லை. லாரிக்காரரின் டோலை ஏற்றும் எண்ணில் அவருடைய சொந்த வாடகை இல்லை! பல நாடுகள் உற்பத்தியாளர் விலைக் குறியீட்டுக்கு மாறியதற்கு இது ஒரு காரணம். அதில் உற்பத்தியாளர் கைக்கு வரும் விலை, வரி நீங்கலாக, சேவைகளையும் சேர்த்துக் கணக்காகும். அமெரிக்கா 1978-லேயே மொத்த விலை என்ற பெயரை விட்டுவிட்டது. இங்கே 2025 ஜனவரியில் நிதி ஆயோக் உறுப்பினர் ரமேஷ் சந்த் தலைமையில் ஒரு பணிக்குழு போட்டார்கள். 2022-23-ஐ அடிப்படையாக வைத்துப் புதிய டபிள்யூபிஐக்குக் கூடை தயாரிப்பது, உற்பத்தியாளர் குறியீட்டுக்கு மாற வழி சொல்வது, இரண்டும் அதன் வேலை.

சம்பளக்காரர்களுக்கு ஒரு வார்த்தை: உங்கள் அகவிலைப்படி இதில் தொங்கவில்லை, அது தொழிலாளர்களுக்கான நுகர்வோர் விலைக் குறியீடு, லேபர் பீரோ போடுவது.

மணலியில் பைப்லைன், ஃபேப்ரிகேஷன் என்று சப்-கான்ட்ராக்ட் எடுப்பவர்கள்தான் ஒப்பந்தத்தில் எஸ்கலேஷன் விதியை, அதாவது விலை ஏறினால் ஒப்பந்தத் தொகையை எப்படி ஏற்றுவது என்ற விதியை, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுப் பார்க்க வேண்டும். எந்த வரிசை, எல்லாப் பொருட்களுக்குமான எண்ணா அல்லது இரும்புக்கான தனி எண்ணா, எந்த மாதம், நடுவில் அடிப்படை ஆண்டு மாறினால் எந்த இணைப்புக் காரணி என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். எல்லாப் பொருட்களுக்குமான எண்ணின் காரணியை இரும்புக்குப் போட்டுவிட முடியாது, அதற்குத் தனிக் காரணி உண்டு. முதலில் வெளியாகும் எண் தற்காலிகமானது, பத்து வாரம் கழித்துத்தான் இறுதியாகும். தற்காலிக எண்ணை வைத்து பில் போட்டிருந்தால், இறுதி எண் வந்ததும் வித்தியாசத்துக்கு ஒரு துணை பில் போட்டுக்கொள்ளலாம் என்ற வரியையும் கையெழுத்துக்கு முன்பே சேர்க்கச் சொல்லுங்கள்.