லாக்: பதிகையா, பூட்டா?

‘லாக்’ என்று தமிழில் எழுதினால் எதைச் சொல்கிறோம்? கதவைப் பூட்டுவது லாக். பெரிய பெருக்கல்களுக்குப் பள்ளியில் புரட்டிய அட்டவணையும் லாக். அதற்கு மடக்கை என்ற நல்ல சொல் பாடநூலிலேயே உண்டு. கணினி தனக்கு நேர்ந்ததை வரிவரியாக எழுதிவைக்கும் கோப்பும் லாக்தான். பேச்சில் இடம் பார்த்துப் புரிந்துகொள்கிறோம். செக்பாயிண்ட் வேலையில் அது நடப்பதில்லை, ஏனென்றால் அங்கே பூட்டும், பதிகை என்று நான் சொல்லப்போகும் அந்தக் கோப்பும் ஒரே வரியில் வந்து நிற்கும்.

செக்பாயிண்ட் என்பது ஓடிக்கொண்டிருக்கும் ஒரு செயல்முறையை, அதாவது கணினியில் இயங்கும் ஒரு நிரலை, நிறுத்தி, அதன் நினைவகம், திறந்திருக்கும் கோப்புகள், பிணைய இணைப்புகள் எல்லாவற்றையும் வட்டில் எழுதிவைப்பது. பிறகு விட்ட இடத்திலிருந்து, வேண்டுமானால் வேறொரு கணினியில்கூட, தொடர வைக்கலாம். இதுதான் மீட்பு. ‘சோதனைச் சாவடி’ என்று மொழிபெயர்த்தால் லாரிதான் நினைவுக்கு வரும். இங்கே யாரும் எதையும் சோதிப்பதில்லை. ‘நிலைச்சேமிப்பு’ என்றால் வேலை விளங்கிவிடும்.

இப்போது கணினி எழுதும் லாக். ஆங்கிலத்தில் இதன் முதற்பொருள் மரக்கட்டை. 16ஆம் நூற்றாண்டு மாலுமிகள் ஒரு மரத்துண்டைக் கயிற்றில் கட்டிக் கடலில் போட்டார்கள். துண்டு நீரில் கிடக்கும், கப்பல் நகரும், கயிறு அவிழும். அரை நிமிட அளவுள்ள மணற்கடிகை தீரும்வரை எத்தனை முடிச்சுகள் கை நழுவிப் போயின என்று எண்ணினால் அதுவே வேகம். கப்பல் வேகத்தை இன்றும் ‘நாட்’ என்று சொல்வது இந்த முடிச்சால்தான். அந்த வேகத்தை நேரத்தோடு எழுதிவைத்த ஏடு லாக் புக் ஆனது. கட்டை போய் ஏடு மட்டும் நின்றது. மடக்கையைக் குறிக்கும் லாக் கிரேக்க வேரிலிருந்து வந்தது, அதற்கும் இதற்கும் உறவில்லை.

கணினிக் கூடங்களுக்கும் அந்த ஏடு வந்தது. 1947 செப்டம்பர் 9 அன்று ஹார்வர்டு மார்க் 2 என்ற பழைய கணினியின் ஏட்டில் ஒரு அந்துப்பூச்சியை ஒட்டிவைத்தார்கள். நிரல் பிழையை ஆங்கிலத்தில் ‘பக்’, அதாவது பூச்சி, என்பதால் அதைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். எனக்குப் பிடித்தது அதோடு இருக்கும் குறிப்பு. 15:45 மணி, எஃப் பலகை, 70ஆம் ரிலே (மின்விசை), உள்ளே பூச்சி. எப்போது, எங்கே, என்ன. நல்ல பிழைச் செய்திக்கு வேண்டிய அத்தனையும் அதில் இருக்கிறது.

லினக்ஸ் இயங்குதளத்தில் நிலைச்சேமிப்புக்கு இன்று பரவலாகப் பயன்படுவது க்ரியு என்ற மென்பொருள். பாவெல் எமெலியானோவ் 2011இல் தொடங்கிய திட்டம். அதன் பதிகையில் ஒவ்வொரு வரியின் தொடக்கத்திலும் அடைப்புக்குறிக்குள் நேரம் இருக்கும். கடிகார நேரம் அல்ல, வேலை தொடங்கியதிலிருந்து ஓடிய நொடிகள், மைக்ரோநொடி வரை. பிழை என்றால் ‘பிழை’ என்ற குறிப்பும், மூலநிரலின் எந்தக் கோப்பில் எந்த வரி என்பதும் சேரும். மீட்கும்போது பல செயல்முறைகள் ஒரே கோப்பில் எழுதுவதால், ஒவ்வொன்றுக்கும் கணினி தந்திருக்கும் செயல்முறை எண்ணும் முன்னால் வரும். அது இல்லாவிட்டால் யார் எழுதிய வரி என்றே தெரியாது.

இதில் இன்னொரு சங்கடம் உண்டு. ஒரு செயல்முறை திறக்கும் ஒவ்வொரு கோப்புக்கும் ஓர் எண் உண்டு; மீட்கப்படும் செயல்முறை அந்தப் பழைய எண்களையே திரும்பக் கேட்கும். அது 5ஆம் எண்ணில் ஏதோ ஒரு கோப்பைத் திறந்து வைத்திருந்தால், பதிகைக் கோப்பு அந்த இடத்தில் உட்கார முடியாது. அதனால் க்ரியு தன் கோப்புகளை உயரமான எண்களுக்கு ஒதுக்கிவிடுகிறது. மீட்பின் கடைசிக் கட்டத்தில், பிழை எண்ணை வாக்கியமாக்கித் தரும் வழக்கமான நிரல் நூலகமும் கையில் இருக்காது. பிழையை விளக்கும் வாக்கியம் கிடைக்காமல் வெறும் எண்தான் பதிகையில் விழும்.

சரி, பூட்டு எங்கே வந்தது? மற்றவை குறுக்கிடாதபடி ஒரு கோப்பைப் பூட்டி வைத்திருக்கும் செயல்முறையைச் சேமிக்கச் சொன்னால் க்ரியு மறுத்துவிடும். பூட்டுகளையும் சேர்த்துச் சேமி என்று தனியாகச் சொல்ல வேண்டும். அந்த மறுப்பைத் தமிழில் ‘லாக் இருப்பதால் சேமிக்க முடியவில்லை’ என்று எழுதினால் பாதிப் பேர் பதிகைக் கோப்பை அழித்துவிட்டு வருவார்கள்.

ஆகவே பூட்டு, பூட்டாகவே இருக்கட்டும். மற்றதற்குப் ‘பதிவு’ போதாது. வலைப்பதிவு முதல் பத்திரப் பதிவு வரை அது ஏற்கெனவே நிறையச் சுமக்கிறது. ‘பதிவேடு’ பள்ளி வருகையை நினைவூட்டும். ‘பதிகை’யே சரி. தமிழ் விக்கிப்பீடியாவில் ‘புகுபதிகை’, ‘விடுபதிகை’ என்று பார்த்துப் பழகிவிட்டோம். ஆங்கிலத்திலும் அந்த இரண்டு சொற்கள், லாகின், லாக்அவுட், இதே ஏட்டிலிருந்து வந்தவைதான்.

பிழைச் செய்திக்கு ‘பிழைப் பதிகை’ என்று பெயராக எழுதலாம், வினையாக வேண்டாம். ‘செயல்முறை 4127 பிழைத்தது’ என்றால் தவறியதா, உயிரோடு மீண்டதா? தமிழில் இரண்டும் பொருந்தும். ‘தோல்வி’ என்று எழுதிவிடுவது நல்லது. எண்ணோடு வேற்றுமை உருபை ஒட்டுவதும் தொல்லை: ‘4127ஐ’, ‘4127இன்’ என்று போனால் தனி எண்ணாகத் தேடும் நிரலுக்கு அது அகப்படாது. எண்ணை முன்னால் தனியாக நிறுத்தி, வாக்கியத்தைப் பின்னால் விடலாம்.

அப்புறம், பிழை எண்ணின் விளக்கத்தை அப்படியே மொழிபெயர்க்கக் கூடாது. லினக்ஸில் 17ஆம் பிழையின் நேர்ப்பொருள் ‘கோப்பு ஏற்கெனவே உள்ளது’. மீட்பின்போது அது வந்தால் பெரும்பாலும் கோப்புக்கும் அதற்கும் தொடர்பே இருக்காது. பழைய செயல்முறை எண்ணை இதற்குள் வேறொன்று எடுத்துக்கொண்டிருக்கும். எனவே வரி இப்படி அமையலாம்:

(00.021166) 4127: தோல்வி: மீட்பு: பிழை 17: இந்த எண்ணில் வேறொரு செயல்முறை ஓடுகிறது