டைகோகமி என்கிற இருகால முதிர்வு

ஒரே பூவில் மகரந்தம் தரும் மகரந்தப்பையும் அதை ஏற்கும் சூலகமுடியும் இருக்கும். ஆனால் இரண்டும் ஒரே சமயத்தில் தயாராகாது. ஒன்று முந்தும், இன்னொன்று பிந்தும். இதற்குத்தான் டைகோகமி என்று பெயர். கிரேக்கத்தில் ‘டிகா’ என்றால் இரண்டாக, தனித்தனியாக. ‘காமோஸ்’ என்றால் திருமணம். ஜெர்மனியில் பள்ளித் தலைமையாசிரியராக இருந்த கிறிஸ்டியன் கொன்ராட் ஸ்ப்ரெங்கல், பூக்களையும் பூச்சிகளையும் பற்றி 1793இல் வெளியிட்ட நூலில் கொடுத்த சொல் இது.

தமிழ்ப் பாடநூல்களில் இது ‘இருகால முதிர்வு’. மகரந்தம் முந்தினால் ஆண் முன்முதிர்வு, சூலகமுடி முந்தினால் பெண் முன்முதிர்வு. கல்யாணத்தை விட்டுவிட்டுக் காலத்தைப் பிடித்துக்கொண்ட இந்தப் பெயர்ப்பு எனக்குப் பிடிக்கிறது. ஆனால் செட்டிநாட்டுக்காரருக்குக் கிரேக்கக் கல்யாணமும் எளிதில் புரியும். நகரத்தாரில் ஒரே கோயில் பிரிவுக்காரர்கள் பங்காளிகள்; அவர்களுக்குள் பெண் கொடுத்து எடுப்பதில்லை. பூவும் தன் மகரந்தம் தன் சூலகமுடியிலேயே விழாதபடி பார்த்துக்கொள்கிறது.

செட்டிநாட்டுச் செம்மண்ணில் நன்றாக வரும் சீத்தாவையே பாருங்கள். பெண் முன்முதிர்வு. இதழ்கள் லேசாகப் பிரிந்திருக்கும்போது சூலகமுடி ஏற்கத் தயார். சின்னஞ்சிறு வண்டுகள் உள்ளே நுழைகின்றன. பிறகு இதழ்கள் நன்றாக விரிந்து மகரந்தம் உதிரும்போது, அதைப் பூசிக்கொண்டு வேறு பூவுக்குப் போகின்றன. வண்டு குறைந்தால் காயும் குறையும். அதனால்தான் சில தோட்டங்களில் விரிந்த பூவின் மகரந்தத்தை எடுத்து, பாதி பிரிந்த பூவில் தூரிகையால் தடவுகிறார்கள்.

தென்னை இதற்கு நேர்மாறு. அங்கே ஆண்பூவும் பெண்பூவும் ஒரே பாளையில் தனித்தனியாக இருக்கும்; ஆண் முந்தும். நெட்டை ரகத்தில் பாளை வெடித்ததும் ஆண்பூக்கள் ஏறக்குறைய மூன்று வாரம் பூத்து உதிர்ந்த பிறகே குரும்பைகளாகும் பெண்பூக்கள் மகரந்தம் ஏற்கும். குட்டை ரகத்தில் இரண்டு காலமும் ஒன்றன்மேல் ஒன்று விழுவதால் தன் மகரந்தச் சேர்க்கை அதிகம்.

சரி, இந்தக் காலம் கடிகாரம்போல மாறாததா? அப்படியில்லை. வட அமெரிக்காவில் ஹம்மிங் பறவைகள் தேன் குடிக்கும் சிவப்பு லொபீலியாவில், மகரந்தம் விரைவாகக் காலியானால் ஆண் பருவம் சீக்கிரம் முடிந்து பெண் பருவம் தொடங்கிவிடுகிறது. சூலகமுடிக்கு மகரந்தம் வந்து சேர்ந்தால் அந்தப் பருவமும் சுருங்குகிறது. யாரும் வராவிட்டால் பூ காத்திருக்கும். ஆர்க்கிட் செடிகள் பலவற்றில் இது இன்னும் ஒரு படி மேலே: மகரந்தம் வந்த பிறகுதான் விதையாக மாறவேண்டிய சூல்களே முழுமையாக உருவாகின்றன. ஆக, ‘காலம்’ என்று பாடநூல் சொல்வதில் ஒரு பகுதி செடியின் கையில், மறு பகுதி விருந்தாளியின் கையில்.

இதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளும் சொல் ஒன்று உண்டு: ஹெர்கோகமி. அங்கே பிரிவு காலத்தால் அல்ல, இடத்தால். மகரந்தப்பையும் சூலகமுடியும் ஒன்றையொன்று தொடாத உயரத்தில் நிற்கும், அவ்வளவுதான்.