காக்டஸ் நாற்றைச் சாய்க்கும் நீச்சல்காரன்

காக்டஸ் விதை போட்டு, முளைத்த நாற்றுகள் அடித்தண்டு கண்ணாடிபோல் நீர்த்து ஒவ்வொன்றாகச் சாய்கின்றன, கார்பென்டசிம் என்ற பூஞ்சைக்கொல்லி ஊற்றியும் நிற்கவில்லை, ஏன் என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்.

இது நாற்றழுகல். மிளகாய், தக்காளி நாற்றங்கால் போட்டவர்களுக்குத் தெரிந்த நோய்தான். ரைசாக்டோனியா, பியூசேரியம் ஆகிய பூஞ்சைகள் காரணமென்றால் கார்பென்டசிம் ஓரளவு கேட்கும். ஆனால் ஈரத்தட்டில் முதலில் சந்தேகப்பட வேண்டியது பித்தியம் என்ற நுண்ணுயிரை. அது பூஞ்சையே அல்ல.

இழையாகப் படர்வதால் நெடுங்காலம் பூஞ்சை என்றே எண்ணினார்கள். அதன் நெருங்கிய சொந்தமோ பழுப்புப் பாசிகளும் டயாட்டம் என்னும் நுண்பாசிகளும். பூஞ்சையின் டியூபுலின் புரதத்தைப் பிடித்துச் செல் பிரிவதைத் தடுப்பதுதான் கார்பென்டசிம் செய்யும் வேலை. பித்தியத்திடம் அந்தப் பிடி எடுபடாது.

அது பரவும் விதம் அபாரமானது. மண்துகள்களுக்கிடையே தண்ணீர் தேங்கியதும், பித்தியத்தின் வித்துப்பை மெல்லிய குமிழ் ஒன்றை வெளியே ஊதுகிறது. உள்ளிருந்த சரக்கு முழுவதும் அந்தக் குமிழுக்குள் வழிந்து, அங்கேயே தனித்தனி இயங்குவித்துகளாகப் பிரிகிறது. குமிழ் உடைந்ததும் அவை நீந்துகின்றன. ஒவ்வொன்றுக்கும் இரண்டு கசையிழைகள். நுண்மயிர் நிறைந்த ஒன்று முன்னால் நீண்டு இழுக்க, வழவழப்பான மற்றொன்று பின்னால் நீள்கிறது. வேரிலிருந்து கசியும் சர்க்கரையையும் அமினோ அமிலத்தையும் மோப்பம் பிடித்து வேரைச் சேர்ந்ததும் கசையிழைகளை உதறிவிட்டு, உருண்டு, சுவர் கட்டிக்கொண்டு, முளைவிட்டு உள்ளே நுழைகின்றன. செல்களை ஒட்டிவைத்திருக்கும் பெக்டினை நொதிகள் கரைக்க, தண்டு குழைந்துபோகிறது.

இப்படிப்பட்ட உயிர்களை வகைபிரிக்கும் ஆய்வுக்கு நிதி கேட்டால் "இதனால் என்ன பயன்?" என்கிறார்கள். எந்த மருந்து கேட்கும் என்பதே அந்த வகைபிரிப்பில்தான் இருக்கிறது. மெட்டலாக்சில் பித்தியம் வகையறாவின் ஆர்.என்.ஏ. உற்பத்தியை முடக்குகிறது, உண்மையான பூஞ்சைகளை அது அநேகமாகத் தொடுவதே இல்லை. யார் குற்றவாளி என்று தெரியாதபோது, இரு தரப்பையும் ஓரளவு தடுக்கும் கேப்டான் என்ற மருந்து நல்லது. எதுவானாலும் லேபிளில் உள்ள அளவைத் தாண்டாதீர்கள்.

சாய்ந்த நாற்றை எந்த மருந்தும் எழுப்பாது. சுற்றியுள்ள மண்ணோடு அள்ளி எறியுங்கள், தட்டின் மூடியைத் திறந்து காற்றாட விடுங்கள், பிறகு மீதியைக் காக்க மருந்து ஊற்றுங்கள்.

கடுகளவு காக்டஸ் நாற்றுக்கு நீர் சேமிக்கும் உடம்பு இன்னும் வந்திருக்காது. ஆகவே முதல் சில வாரங்கள் மூடிவைத்த ஈரம் வேண்டும். எதிரிக்கும் அதுவே வேண்டும். அதனால் வேலையை விதைப்பதற்கு முன்பே முடிப்பது நல்லது. விதையில் ஒட்டிய பழச்சதை பூசணத்துக்குத் தீனி, கழுவி உலர்த்துங்கள். நனைத்த மண்கலவையின் நடுப்பகுதி வரை 60 டிகிரிக்கு மேல் 30 நிமிடம் சூடாக இருக்கும்படி ஆவியில் வேகவையுங்கள். நோய்க்கிருமிகளை அடக்கும் டிரைகோடெர்மா கலப்பதானால் மண் ஆறிய பிறகு கலக்க வேண்டும், கார்பென்டசிமோடு சேர்க்கக் கூடாது. அதுவும் பூஞ்சை, செத்துவிடும். அடியிலிருந்து நீர் ஏற்றும்போது எல்லாத் தொட்டிகளையும் ஒரே தாம்பாளத் தண்ணீரில் வைக்காதீர்கள். ஒரு தொட்டியில் நோய் இருந்தால் அந்தத் தண்ணீர் வழியாகவே அடுத்த தொட்டிக்கு நீந்திப் போய்விடும்.