ஜப்பான் பேஸ்பாலுக்குப் போகும் வீரர், வீட்டையும் சேர்த்துத் தயாராக வேண்டும்

வெளிநாட்டு லீக்குகளுக்குக் கிளம்பும் வீரர்களோடு பேசுவது, விளையாட்டு உளவியல் ஆலோசகராக என் வேலையில் ஒரு பகுதி. அவர்கள் எந்த விளையாட்டைச் சேர்ந்தவர்களாக இருந்தாலும், நான் அடிக்கடி எடுத்துச் சொல்வது ஜப்பான் தொழில்முறை பேஸ்பாலைப் பற்றித்தான். அமெரிக்காவிலிருந்தும் லத்தீன் அமெரிக்காவிலிருந்தும் பல பத்தாண்டுகளாக வீரர்கள் அங்கே போகிறார்கள். சிலர் பெரும் புகழோடு தங்கிவிட்டார்கள். நல்ல திறமை இருந்தும் ஒரே சீசனில் மூட்டை கட்டியவர்களும் உண்டு.

உரசல் பெரும்பாலும் பிப்ரவரி 1 அன்றே ஆரம்பித்துவிடும். 12 அணிகளும் பயிற்சி முகாமைத் தொடங்கும் நாள் அது. பல அணிகள் ஓகினாவாவுக்கோ மியாசாகிக்கோ போகும். அங்கே ஒரு கோச் மட்டையோடு நின்று, ஒரே ஃபீல்டரை நோக்கி இடமும் வலமுமாகப் பந்தை அடித்துக்கொண்டே இருப்பார். ஃபீல்டர் மண்ணில் விழுந்து எழுந்து ஓடுவார், கால் தள்ளாடும் வரை விடமாட்டார்கள். அமெரிக்காவில் வளர்ந்தவருக்கு, சீசனுக்கு வைத்திருக்க வேண்டிய உடம்பை முகாமிலேயே வீணடிப்பதாகத்தான் இது தோன்றும். தன் பயிற்சி முடிந்ததும் மதியமே கிளம்பிவிடுவார். கோச் ஒன்றும் சொல்லமாட்டார். சரி, ஒத்துக்கொண்டார் என்று இவர் நினைத்துக்கொள்வார். இவருக்கு அக்கறை இல்லை என்று அவர் முடிவு கட்டியிருப்பார். இரண்டு மாதம் கழித்து ஆடும் வீரர்கள் வரிசையில் பெயர் இல்லாதபோதுதான் விஷயம் புரியும்.

"அவர் எதுவுமே சொல்லலையே" என்பது என்னிடம் வருகிறவர்கள் அதிகம் சொல்லும் வாக்கியம். அதனால்தான் முதல் வாரத்திலேயே, மற்ற வீரர்கள் இல்லாத இடத்தில், மொழிபெயர்ப்பாளரை வைத்துக்கொண்டு கோச்சிடம் நேரடியாகக் கேட்கச் சொல்கிறேன்: என்னிடம் என்ன எதிர்பார்க்கிறீர்கள்?

அந்த மொழிபெயர்ப்பாளரைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். பேங்க் கணக்கு தொடங்குவதிலிருந்து குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் டாக்டரிடம் கூட்டிப்போவது வரை பல நேரம் அவர்தான் துணை. ஆனால் அவருக்குச் சம்பளம் தருவது அணி. மனச்சோர்வு, குடும்பச் சண்டை என்று எல்லாப் பாரத்தையும் அவர் தலையில் இறக்குவது அவருக்கும் நல்லதல்ல. தாய்மொழியில் பேசக்கூடிய ஒரு ஆலோசகரை ஊரை விட்டுக் கிளம்பும் முன்பே ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்.

ஓர் ஆட்டத்துக்கான அணிப் பட்டியலில் 4 வெளிநாட்டு வீரர்களுக்குத்தான் இடம். ஃபார்ம் போனால் இரண்டாம் அணிக்கு அனுப்பிவிடுவார்கள். தனிமை கடுமையாக வாட்டுவது அங்கேதான். அறையை விட்டு வெளியே வராமல் இருப்பது, அணியோடு சாப்பிடாமல் தவிர்ப்பது, இரவெல்லாம் போனில் இருந்துவிட்டுப் பகலில் தள்ளாடுவது, இதெல்லாம் தெரிந்தால் குடும்பத்தினர் சும்மா விடக்கூடாது.

எல்லாவற்றையும் 'அவர்கள் கலாசாரம்' என்று விழுங்கச் சொல்வதும் தப்பு. ஜப்பானின் பெரும் நட்சத்திரமான சடஹாரு ஓ 1964-ல் அடித்த 55 ஹோம் ரன்தான் (மைதான எல்லையைத் தாண்டும் அடி) நெடுங்காலம் சீசன் சாதனை. 1985-ல் ஹன்ஷின் டைகர்ஸின் ராண்டி பாஸ் 54 அடித்திருந்தார். 2001-ல் டஃபி ரோட்ஸும் 2002-ல் அலெக்ஸ் கப்ரேராவும் 55-ஐத் தொட்டார்கள். இவர்கள் மூவரும் வெளிநாட்டவர்கள். மூன்று முறையும் கடைசிக்கட்டத்தில், ஓ மேலாளராக (தலைமைப் பயிற்சியாளர் போல) இருந்த அணியின் பிட்சர்கள், அதாவது பந்து வீசுபவர்கள், அடிக்கத் தோதான பந்தையே போடாமல் வாக் கொடுத்து, அடிக்க வாய்ப்பில்லாமல் முதல் தளத்துக்கு அனுப்பிவிட்டார்கள். அந்தக் காயம் நியாயமானது. வீரர் அதைச் சொன்னால் நாம் காது கொடுக்க வேண்டும். 2013-ல் விளாடிமிர் பாலன்டியன் 60 அடித்து அந்தச் சாதனையை முறியடித்தார்.

என்னை அதிகம் கலங்க வைப்பது பாஸுக்கு 1988-ல் நடந்தது. 1985, 1986 இரண்டு ஆண்டும் மும்மகுடம் (அடி சராசரி, ஹோம் ரன், அடித்துச் சேர்த்த ரன் மூன்றிலும் லீக்கில் முதலிடம்) வென்றவர், ஒசாகா ரசிகர்களின் செல்லப்பிள்ளை. மகனுக்கு மூளையில் கட்டி என்று தெரிந்ததும் சிகிச்சைக்காக அமெரிக்கா போனார். எப்போது திரும்புவது, மருத்துவச் செலவு யாருடையது என்று தகராறு முற்றி, சீசன் நடுவிலேயே அணி அவரை விடுவித்துவிட்டது. பிள்ளை ஆஸ்பத்திரியில் கிடக்கும்போது எந்தத் தகப்பனாலும் மேட்சைப் பற்றி யோசிக்க முடியாது. 2023-ல்தான் ஜப்பானின் பேஸ்பால் ஹால் ஆஃப் ஃபேமில் அவருக்கு இடம் கிடைத்தது.

அதே ஆண்டு அவரோடு தேர்வானவர் வெனிசுவேலாவின் அலெக்ஸ் ராமிரெஸ். 2001-ல் போனவர், எதிரணி கேட்சர்கள் தங்கள் பிட்சரிடம் எந்த நேரத்தில் எந்தப் பந்தைக் கேட்பார்கள் என்று உட்கார்ந்து படித்தார். ஹோம் ரன் அடித்ததும் உள்ளூர் நகைச்சுவை நடிகர்களின் சேட்டைகளைச் செய்து காட்டினார். 2,000 ஹிட்களைத் தாண்டினார், யோகோஹாமா அணிக்கு மேலாளரானார், 2019-ல் ஜப்பானியக் குடியுரிமையும் பெற்றார்.

ராமிரெஸைப் போல எல்லோராலும் ஒட்டிக்கொள்ள முடியாது. ஆனால் பாஸின் நிலை வராமல் பார்த்துக்கொள்ள யாராலும் முடியும். கையெழுத்துக்கு முன்பு ஏஜென்டிடம் இவற்றைக் கேட்டு எழுத்தில் வாங்குங்கள்: குடும்பத்தில் ஒருவருக்கு ஆபத்தான நோய் வந்தால் எத்தனை நாள் விடுப்பு, சம்பளம் வருமா, மருத்துவச் செலவை யார் ஏற்பது, அதற்குக் காப்பீடு உண்மையிலேயே எடுத்திருக்கிறார்களா, திரும்பி வரும் தேதியை யார் முடிவு செய்வது. அந்தப் பேச்சின்போது மனைவியோ கணவரோ கூடவே இருக்கட்டும்.